மூக்கைப் பிடித்த கை

பயம் சொல்லிவிட்டு வருவதில்லை. கடைத்தெருப் பள்ளிவாசலில் தொழவைக்கிற இமாமுக்கு அது மக்ரிப் என்னும் அந்தித் தொழுகையின் நடுவில் வந்தது, அதுவும் எல்லோருக்கும் முன்னால் நின்று சத்தமாக ஓதிக்கொண்டிருந்தபோது. பின்னால் கடைத்தெருவே கைகட்டி நின்றது. இமாமின் நெஞ்சு மட்டும் திடீரென்று தறிகெட்டு அடித்தது. உள்ளங்கை சில்லிட்டது, நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது, இழுத்த மூச்சு பாதியில் நின்றது. இன்னும் கொஞ்ச நேரம் நின்றால் செத்து விழுவோம், இல்லாவிட்டால் கத்திக்கொண்டு தெருவில் ஓடுவோம் என்று நிச்சயமாகத் தோன்றியது. இரண்டில் எது மேல் என்று கேட்டால் சாவதுதான். செத்தவரை யாரும் கேலி செய்வதில்லை.

அந்த நேரத்தில் படித்த படிப்பு கைகொடுத்தது. கெடுத்ததும் அதுதான். தொழவைக்கிற இமாமுக்கு நடுவில் ஒளு முறிந்துவிட்டால், அதாவது கைகால் முகம் கழுவிப் பெற்ற சுத்தம் போய்விட்டால், மார்க்கத்தில் அதற்கொரு வழி வைத்திருக்கிறார்கள். அவர் மூக்கைப் பிடித்துக்கொண்டு விலக வேண்டும். நேர் பின்னால் நிற்பவரை முன்னால் இழுத்துவிட வேண்டும். விட்ட இடத்திலிருந்து அவர் தொடருவார். மூக்கை ஏன் பிடிக்க வேண்டும்? பார்க்கிறவர்கள், பாவம், மூக்கில் ரத்தம் வந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார்கள். வயிற்றுச் சங்கதி வெளியே தெரியாது. மனிதனின் வெட்கத்துக்குக்கூட இடம் விட்டிருக்கிறார்களே என்று இமாம் பாடம் நடத்தும்போதெல்லாம் பெருமையாகச் சொல்வார்.

அன்று அவருக்கு ஒளு முறியவில்லை. ஆனாலும் வலது கை மூக்குக்குப் போனது. இடது கை பின்னால் போய், அங்கே நின்ற மோதினாரின் சட்டையைப் பிடித்து இழுத்தது. தொழுகைக்கு அழைக்கும் பாங்கு சொல்வதும் பள்ளிவாசலைக் கூட்டுவதும் குழாய் கெட்டால் மாற்றுவதுமாக இருந்த மோதினார், கண்ணைக் கட்டிக் காட்டில் விட்டவர் போல இமாமின் இடத்தில் போய் நின்றார். இமாம் ஒளு செய்யும் இடத்துக்கு ஓடி, குழாயைத் திறந்துவிட்டு, அதன் பக்கத்தில் உட்கார்ந்து நடுங்கினார்.

தொழுகை முடிந்ததும் ஆளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். தலையை அண்ணாந்து பார்க்கணும் என்றார் ஒருவர். அண்ணாந்தால் ரத்தம் தொண்டைக்குள் போகும், குனிய வேண்டும் என்றார் இன்னொருவர். இருவருக்கும் அங்கேயே சண்டை வந்தது. இரும்புக்கடை வைத்திருந்த பள்ளிவாசல் செயலாளர், ஜமாஅத் என்னும் ஊர்ச் சபையில் அவர் வைத்ததுதான் சட்டம், "ஹஜ்ரத், எனக்குத் தெரிஞ்ச மூக்கு டாக்டர் இருக்காரு, கைராசிக்காரர்" என்றார். இமாம் இல்லையென்று சொல்லவில்லை, ஆமாமென்றும் சொல்லவில்லை. பொய்யை வாய் சொல்லவில்லையே, கைதானே சொன்னது என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். படித்தவர்களுக்குத் தேற்றிக்கொள்ள ஏதாவது ஒரு சந்து கிடைத்துவிடும்.

ருசி கண்ட பூனை மாதிரி பயம் திரும்பத் திரும்ப வந்தது. முதலில் பயந்தது எதற்கென்று தெரியாது. பிறகு பயந்தது அந்தப் பயம் வந்துவிடுமோ என்றுதான். பாங்கு கேட்டாலே பின்வாசல் எங்கே என்று பார்த்தார். குர்ஆனின் நீண்ட அத்தியாயங்களை விட்டுவிட்டு இருப்பதிலேயே சின்னதாக ஓத ஆரம்பித்தார். கடைக்காரர்களுக்குக் கொண்டாட்டம். "முன்னெல்லாம் ஹஜ்ரத் ஓத ஆரம்பிச்சா நான் கடையையே மறந்துடுவேன், அவ்வளவு நீளம். இப்பதான் மனுஷங்க கஷ்டம் அவருக்குப் புரியுது" என்று செருப்புக்கடைக்காரர் மனசார துஆ செய்து, இறைவனிடம் அவருக்காக வேண்டினார். அப்படிச் சின்னதாக ஓதியும் சில நாள் தாங்க முடியாது. கை மூக்குக்குப் போகும். மோதினார் முன்னால் வருவார்.

இமாமைத் தின்றுகொண்டிருந்தது சாவுப் பயம் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. தொழவைக்கிறவருக்கு இருக்க வேண்டிய தகுதிகளை அவர் எத்தனையோ பேருக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறார். அதில் ஒன்று புத்தி சுவாதீனம். எனக்குப் புத்தி பேதலிக்கிறது என்றால், என் பின்னால் நின்ற இத்தனை பேருடைய தொழுகை என்னவாகும்? அத்தனையும் என் கழுத்திலல்லவா தொங்கும்? நாளை மறுமையில் செருப்புக்கடைக்காரர் வந்து, என் தொழுகை எங்கே என்று சட்டையைப் பிடித்தால் என்ன பதில் சொல்வது? இந்தக் கணக்குப் போட்டுப் போட்டே மனுஷர் பாதியாக இளைத்துப்போனார்.

மனைவிக்கு மட்டும் மூக்கில் ரத்தம் வரவில்லை என்று தெரியும். சட்டை துவைக்கிறவளிடம் ரத்தக் கதை செல்லுபடியாகுமா? ஆரம்பப் பள்ளியில் ஆசிரியை. பிள்ளைகள் சொல்லும் வயிற்றுவலியில் எது நிஜம், எது வீட்டுப்பாடம் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவாள். அவரை ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போய் இதயத்தைச் சோதிக்க வைத்தாள். டாக்டர் படம் எடுத்த காகிதத்தை நீட்டிப் பார்த்துவிட்டு, இதயம் குதிரை மாதிரி இருக்கிறது, ஒரு மனநல ஆலோசகரைப் பாருங்கள் என்றார். மாரடைப்பு என்று சொல்லியிருந்தால்கூட இமாம் இவ்வளவு பயந்திருக்க மாட்டார்.

"அங்கேயா? நானா?" என்றார் வீட்டுக்கு வந்ததும்.

"நீங்கதான். வேற யாரு, நானா?"

"நான் பயான்ல என்ன பேசினேன்னு உனக்குத் தெரியும்ல?"

அவளுக்கு மட்டுமா, ஊருக்கே தெரியும். ஒரு வெள்ளிக்கிழமை பயான் என்னும் சொற்பொழிவு மேடையில் வாய் தாராளமாகப் போனபோது, "ஐவேளை தொழுறவனுக்கு மனசு டாக்டர் எதுக்கு? அங்க போய் உக்கார்றவன் மொதல்ல தன் ஈமானத்தான், அல்லாஹ் மேல உள்ள நம்பிக்கையத்தான் சோதிக்கணும்" என்று பேசியிருந்தார். சபாஷ் என்று ஒருவர் அதைப் படம் பிடித்து எல்லோருக்கும் அனுப்பிவைத்தார். தவளை தன் வாயால் கெட்டது.

"யஃகூப் நபிக்கு மகனைக் காணாம அழுது அழுது கண்ணே வெளுத்துப்போச்சு. அவருக்கு ஈமான் கம்மியா?" என்றாள் மனைவி. "நீங்கதானே எனக்குச் சொன்னீங்க. நோயைக் குடுத்தவன் மருந்தையும் குடுத்திருக்கான், தேடிக்குங்கன்னு நபிகள் சொன்னாங்கன்னு. அது முட்டி வலிக்கு மட்டும்தானா?"

"அது வேற, இது வேற."

"என்ன வேற?"

பாங்குக்கு நேரமாகிவிட்டது என்று அவர் செருப்பை மாட்டினார். ஆலோசகரின் முகவரிச் சீட்டை அவள் அவர் சட்டைப் பையில் வைத்தாள். துவைக்கும்போது எடுத்து அடுத்த சட்டையில் வைத்தாள். அவரும் எறியவில்லை, போகவும் இல்லை.

இதற்கிடையில் செயலாளர் ஒரு நாள் தோளில் கைபோட்டுத் தனியாக அழைத்துப் போனார். "ஹஜ்ரத், தப்பா நெனைக்காதீங்க. ஆளுங்க பேசிக்கிறாங்க. மூக்கு சரியாகிற வரைக்கும் வேற ஒருத்தரைப் பாக்கலாமான்னு." சிரித்துக்கொண்டேதான் சொன்னார். பள்ளிவாசலோடு ஒட்டிய வீடு, பிள்ளைகளின் படிப்பு, தெருவில் கிடைக்கும் சலாம், எல்லாமே அந்த முன்வரிசை இடத்தில்தான் நின்றது. மூக்குக்கே இந்தப் பேச்சு என்றால், மனசு என்று தெரிந்தால்? அன்றிலிருந்து இமாம் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றார். ஒருமுறைகூட மூக்கைப் பிடிக்கவில்லை. ஒவ்வொரு தொழுகையும் கயிற்றின் மேல் நடப்பது போலிருந்தது. கை மட்டும் அவர் பேச்சைக் கேட்காமல் அடிக்கடி அசைந்து, பாதி உயர்ந்து, திரும்பித் தன் இடத்துக்கு வந்தது.

ஒரு நாள் அஸர் என்னும் பிற்பகல் தொழுகை முடிந்து, எல்லோரும் போன பிறகு, ஒளு செய்யும் இடத்தில் மோதினார் ஒரு குழாயைக் கழற்றிக்கொண்டிருந்தார். இமாம் அந்தப் பக்கமாகப் போனபோது, "ஹஜ்ரத், ஒரு நிமிஷம். மார்க்கத்துல ஒரு சந்தேகம்" என்றார்.

"கேளு தம்பி."

மோதினார் குழாயைக் கீழே வைத்தார். திரும்ப எடுத்தார். அதிலிருந்த திருகாணி நழுவிச் சாக்கடை வாய்க்குள் விழுந்தது. அதை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஒரு சின்ன வாஷரைக்கூடத் தூக்கி எறிய மனசு வராத ஆள் அவர்.

"மனசு டாக்டர்கிட்ட போறது கூடுமா, கூடாதா?"

இமாமுக்குச் சுருக்கென்றது. சீட்டை யாரோ பார்த்துவிட்டார்கள். செயலாளர்தான் ஆழம் பார்க்க அனுப்பியிருக்கிறார். "ஏன் கேக்குற? யாருக்கு?"

"எனக்குத்தான்."

"உனக்கென்ன?"

"தொழுகையில நிக்கிறப்ப சஜ்தா செய்ற, நெத்தி வைக்கிற எடத்தைப் பாக்கணும். நான் உங்க முழங்கையப் பாக்கறேன், ஹஜ்ரத்." மோதினார் தரையைப் பார்த்தபடியே பேசினார். "மொத தடவை என்னை இழுத்தீங்கள்ல, அன்னிக்கு என்ன ஓதினேன்னு இப்பவும் எனக்குத் தெரியல. அத்தனை பேரு பின்னால. அப்புறம் ரெண்டாவது தடவை. அப்புறம், எப்ப இழுப்பீங்கன்னே தெரியாமப் போச்சு. இப்பல்லாம் நீங்க இழுக்கறதில்ல. ஆனா கை அசையுது. பாதி வரைக்கும் வந்து நிக்குது. இழுத்துட்டாக்கூடப் பரவால்லன்னு இருக்கு. நீங்க என்ன ஓதுறீங்கன்னு காதுலயே விழல. நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது, கை சில்லுனு ஆயிடுது, செத்துடுவேன்னு தோணுது. பாங்கு சொல்றப்பவே வந்துடுது."

இமாம் சுவரில் சாய்ந்தார். சில்லிட்ட கை, படபடக்கிற நெஞ்சு, அந்தச் சாவு. தன் உடம்பைத் திறந்து உள்ளே பார்த்துச் சொல்கிறவன் போல இவன் சொல்கிறான். அந்தச் சட்டையைப் பிடித்து இழுத்தபோது தன்னிடமிருந்த பயம் கை வழியாக அவனிடம் போயிருக்கிறது. தன்னிடமிருந்தும் அது குறையவில்லை.

"அக்கா நர்சா இருக்குல்ல, அதுதான் டாக்டரைப் பாருன்னு சொல்லுச்சு" என்றார் மோதினார். "நான் திட்டிட்டேன். ஹஜ்ரத் பயான்ல சொன்னது தெரியாதா, அங்க போறவன் ஈமான் இல்லாதவன்னு. ஓதிப் பாத்தேன், நோன்பு வச்சுப் பாத்தேன். அதனாலதான் இத்தனை நாள் உங்ககிட்ட கேக்கல. இன்னிக்கும் கேட்டிருக்க மாட்டேன். ஆனா..."

"ஆனா என்ன?"

"நேத்து ஸ்பீக்கர் ஒயரைப் பாக்க மினாரா கோபுரத்து மேல ஏறினேன். ஒயரைப் பாத்தேன். அப்புறம் கீழ பாத்தேன்." மோதினார் தலையைத் தூக்கவில்லை. "ரொம்ப நேரம் பாத்துட்டே இருந்தேன், ஹஜ்ரத்."

வெயில் தரை மேல் கிடந்தது. கழற்றிய குழாயிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. இமாமுக்கு இதுவரை வந்த பயமெல்லாம் ஒரு பயமே இல்லை என்று அப்போது தெரிந்தது.

வாய் தன் பழக்கத்தில் திறந்தது. ஓதுங்க, தொழுங்க, சரியாயிடும். எத்தனையோ பேரை அனுப்பிவைத்த வார்த்தை, நாக்கு நுனியில் தயாராக நின்றது. அதைச் சொன்னால் போதும். பள்ளிவாசல் வீடு இருக்கும், சலாம் இருக்கும், பயானும் பொய்யாகாது. இந்த மனுஷர் தலையை ஆட்டிக்கொண்டு போவார். போய், ஒயர் பார்க்க ஏறுவார்.

"மினாரா சாவி எங்க?" என்றார் இமாம்.

மோதினார் இடுப்பிலிருந்து எடுத்துக் கொடுத்தார். இமாம் அதைச் சட்டைப் பையில் போட்டார். அங்கே சீட்டு இருந்தது.

"தம்பி, எனக்கு மூக்குல ரத்தம் வந்ததே இல்ல."

மோதினார் நிமிர்ந்து பார்த்தார்.

"ஒரு நாளும் வரல. நீ இப்ப சொன்னியே, அதுதான் எனக்கும். அப்படியே அதேதான். வெளிய சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு மூக்கைப் பிடிச்சேன். உன்னையும் பிடிச்சு இழுத்து இதுல தள்ளிட்டேன். என்னை மன்னிச்சுடு." இழுத்த அதே கையால் மோதினாரின் கையைப் பிடித்துக்கொண்டார். "நான் பயான்ல பேசினது தப்பு. தெரியாத விஷயத்துல பேசினேன். டாக்டர்கிட்ட போறது கூடும். கூடும்னு சொன்னா பத்தாது, போகணும். உசுரைக் காப்பாத்திக்கிறது கடமை. போகாம இருந்தாத்தான் நாளைக்கு அல்லாஹ் கேப்பான். உன்னை இல்ல, என்னை."

"எப்ப போறது?"

"இப்பவே. நீ தனியா இல்ல. நானும் வர்றேன்."

"மக்ரிபுக்குப் பாங்கு?"

"யாராவது சொல்லுவாங்க. ஊர்ல தொண்டைக்கா பஞ்சம்?"

மனைவிக்குப் போன் செய்தார். மினாரா என்று அவர் சொன்னதுமே அவள் மேலே எதுவும் கேட்கவில்லை. ஆலோசகரின் நிலையத்தில் பேசிவிட்டுத் திரும்பக் கூப்பிட்டாள்: "ஒடனே வரச் சொல்றாங்க. அவரைத் தனியா விடாதீங்க. கடைத்தெரு வழியா போகாதீங்க, நின்னு பேசுவாங்க." வாழ்க்கையில் முதல்முறையாக அவள் சொன்னதை அப்படியே கேட்டார்.

ஆட்டோவில் போகும்போது செயலாளரைக் கூப்பிட்டார். சொல்லாமல் போவதற்கில்லை, அந்தித் தொழுகைக்குப் பாங்கு சொல்லவும் ஆளில்லை, தொழவைக்கவும் ஆளில்லை. பக்கத்தில் மோதினார் இரண்டு கைகளையும் தொடைக்கு நடுவில் இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"ரெண்டு பேரும் வரலியா? எங்க போறீங்க ஹஜ்ரத்? மூக்கு டாக்டர்கிட்டயா?"

"இல்ல. மனசு டாக்டர்கிட்ட."

செயலாளர் குரலைத் தாழ்த்தினார். "யாருக்கு?"

ஒரே ஒரு சொல். மோதினாரின் தோள் இறுகியது இமாமுக்குத் தெரிந்தது.

"மோதினாருக்கா?" என்றார் செயலாளரே. "நானும் பாத்தேன், கொஞ்ச நாளா ஆளு ஒரு மாதிரிதான் இருக்கான். பாவம். நீங்க கூட்டிட்டுப் போறீங்களாக்கும். அல்லாஹ் உங்களுக்குக் கூலி குடுப்பான்."

வழி தானாகவே திறந்திருந்தது. ஆமாம் என்றால் போதும், பொய்கூட இல்லை. கூலி வேறு கிடைக்கும். இமாமின் நெஞ்சு அடிக்க ஆரம்பித்தது. உள்ளங்கை வேர்த்து, போன் வழுக்கியது. பின்னால் யாரும் நிற்காத ஆட்டோவிலும் அது வந்துவிட்டது. வலது கையில் போன் இருந்ததால் இந்த முறை மூக்கைப் பிடிக்கக் கை இல்லை.

"எனக்கு" என்றார். "எனக்குத்தான் பாக்கப் போறேன். தொழுகையில எனக்குப் பயம் வருது. மூக்குல ஒண்ணும் இல்ல. தனியாப் போகப் பயமா இருக்குன்னு அவரைத் துணைக்குக் கூட்டிட்டுப் போறேன்."

"என்ன ஹஜ்ரத் இப்படிச் சொல்றீங்க!" செயலாளரின் குரலில் நிஜமான கலவரம் இருந்தது. "நான் போனை ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன். கடையில நாலு பேரு இருக்காங்க."

பின்னால் யாரோ இருமினார்கள். அது செருப்புக்கடைக்காரரின் இருமல். இமாமுக்கு அந்த இருமலை நன்றாகத் தெரியும்.

"அப்ப நாங்க இத்தனை நாளா உங்க பின்னால தொழுதது?" என்று அந்த இருமலே கேட்டது.

இத்தனை நாளாக இமாம் தூக்கமில்லாமல் பயந்த கேள்வி இதுதான். கேட்டாகிவிட்டது. இடி விழுந்த பிறகு மின்னலுக்கு என்ன பயம்?

"தொழுகை கூடும், எதுவும் வீணாகல. பயந்தவன் பைத்தியக்காரன் இல்ல" என்றார். "என் வேலை கூடுமா கூடாதாங்கிறத நீங்க எல்லாரும் பேசி முடிவு பண்ணிக்குங்க."

போனை வைத்த பிறகு மோதினார் வெளிப்பக்கம் திரும்பினார். கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என் விஷயத்தை ஏன் ஹஜ்ரத் மறைச்சீங்க?" என்றார்.

"மூக்கைப் பிடிக்கிறது அடுத்தவன் மானத்துக்குன்னா தப்பில்ல."

ஆலோசனை நிலையம் ஒரு பல் மருத்துவமனைக்கு மேல்மாடியில் இருந்தது. கீழிருந்து துளைக்கும் கருவியின் சத்தம் வந்தது. வரவேற்பில் இருந்த பெண், உள்ளே ஒருவர் பேசிக்கொண்டிருக்கிறார், அடுத்தது நீங்கள்தான் என்றாள். பிளாஸ்டிக் நாற்காலிகள், தண்ணீர்க் கேன், ஜன்னலில் ஒரு வாடிய செடி. அங்கே காத்திருந்த மற்றவர்களைப் போலவே இருவரும் யாரையும் பார்க்காமல் உட்கார்ந்தார்கள். ஜன்னலில் வெளிச்சம் மங்கியது. எங்கோ தூரத்துப் பள்ளிவாசலில் பாங்கு ஆரம்பித்தது. மோதினாரின் முகம் வெளுத்ததை இமாம் பார்த்தார். தன் முகமும் அப்படித்தான் இருக்கும்.

தொழ இடம் கேட்டதும் அந்தப் பெண் தண்ணீர்க் கேன் பக்கத்து மூலையைக் காட்டினாள். இமாம் தோள்துண்டை விரித்தார்.

"நீ நில்லு, தம்பி. நான் உன் பின்னால தொழுறேன்" என்றார். இதைக் கேட்க அவருக்கே வெட்கமாக இருந்தது.

"ரெண்டு பேருதானே இருக்கோம். பின்னால எங்க நிக்கிறது?" என்றார் மோதினார்.

அது இமாமுக்குத் தெரியாததா? தொழவைக்கிறவரைத் தவிர ஒரே ஒருவர்தான் என்றால் அவர் பின்னால் நிற்பதில்லை. வலப்பக்கத்தில், தோளோடு தோளாக நிற்பார். எத்தனை பேருக்குச் சொல்லிக் கொடுத்த சட்டம். இவ்வளவு பெரிய கூட்டத்தைப் பார்த்துப் பார்த்து அது மறந்தே போயிருந்தது.

"நீங்களே நில்லுங்க" என்றார் மோதினார். "இங்கேருந்து எனக்கு உங்க முழங்கை தெரியாது."

இமாம் தக்பீர் சொல்லிக் கை கட்டினார். மெல்லிய குரலில் ஓதினார். முதல் ரகஅத், தொழுகையின் முதல் சுற்று, போயிற்று. இரண்டாவதில் அது வந்தது. தொழுகையில் வழக்கமான இடம், வழக்கமான நேரம். நெஞ்சு, உள்ளங்கை, பாதி மூச்சு. கட்டிய கை மெல்ல அவிழ்ந்து மேலே எழுந்தது. பக்கத்தில் இருந்த தோள் நடுங்குவதை அவர் தோள் உணர்ந்தது. கை பாதியில் நின்றது, நின்று, கீழே இறங்கித் தன் இடத்தில் கட்டிக்கொண்டது. ஆனால் அடுத்த வசனம் காணாமல் போயிருந்தது. குழந்தையிலிருந்து ஓதிவரும் வசனம். ஓதியதையே திரும்ப ஓதினார். மறுபடியும் அங்கேயே முட்டி நின்றார். கீழே துளைக்கும் கருவியின் சத்தம் நின்றது. அறையே காத்திருந்தது.

இமாம் தடுமாறினால் பக்கத்தில் நிற்பவர் எடுத்துக் கொடுக்கலாம். மோதினாருக்கும் வாய் உலர்ந்திருந்தது, குரல் நடுங்கியது. ஆனாலும் விட்டுப்போன அந்த முதல் சொல்லை மெதுவாக எடுத்துக் கொடுத்தார். இமாம் அதைப் பிடித்துக்கொண்டு மேலே ஓதினார்.